பூக்க விடாத மரமும் பூக்கச் சொல்லும் இறைவனும்

இயேசுபிரான் தம் மலைப்பொழிவில் நமக்குத் தந்த கட்டளைகளுள் மிக எளிதான ஒன்று உண்டு. பகைவரை அன்பு செய்யவும், மனமார மன்னிக்கவும், மறைவில் இறைவேண்டல் செய்யவும் கற்பித்த அவர், வயல்வெளியில் மலர்ந்திருக்கும் பூக்களைச் சற்று உற்று நோக்குமாறும் பணித்தார் (மத்தேயு 6:28). செல்வச் செழிப்பில் திளைத்த சாலமோன் மன்னனின் ஆடை அணிகலன்களும் அப்பூக்களின் அழகுக்கு ஈடாகவில்லை என்று அவர் விளக்கமும் தந்தார். கடினமான கட்டளைகளைக் கடைப்பிடிக்க முயன்று தவறிவிடும் நாம், இந்த எளிய கட்டளையைக் கடைப்பிடிக்க முயல்வதே இல்லை.

மலையகத்தில் வாழும் நமக்கு இதற்காக நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நுவரெலியாவிலிருந்து வெலிமடை நோக்கிச் செல்லும் வீதியில் ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் தொலைவில், ஹக்கல மலையின் அடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து 5,500 அடி உயரத்தில் ஹக்கல தாவரவியல் பூங்கா அமைந்துள்ளது. பூங்காவை அடையுமுன் சீத்தாஎலிய அம்மன் கோவிலைக் கடந்து செல்வோம். நம் இந்து சகோதரர்கள் இப்பகுதியை அசோகவனம் எனப் போற்றுகின்றனர். துயரம் இல்லாதது என்பதே 'அசோகம்' என்னும் சொல்லின் பொருள். துயரம் சுமந்த மக்கள் வாழும் மலைகளின் நடுவே அப்படியொரு பெயர் நிலைத்திருப்பது நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது.

பூங்காவின் நாட்காட்டி

திருச்சபைக்கு ஒரு வழிபாட்டு ஆண்டு இருப்பதுபோல, மரஞ்செடிகளுக்கும் ஓர் ஆண்டு உண்டு. மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாவின் பள்ளங்களில் சில விடியற்பொழுதுகளில் உறைபனி படிகிறது. தேயிலையின் இளந்தளிர்கள் அப்பனியில் கருகிப் போகின்றன. ஆனால் அதே குளிரைத் தாங்கி நின்று, ஆண்டின் முற்பாதியில் குருதிச் சிவப்பாகப் பூங்கொத்துகளை ஏந்தும் மரமொன்று நம் உயர்மலைக் காடுகளில் உள்ளது. சிங்கள மக்கள் அதனை 'மஹா ரத்மல்' என்பர். அதன் நெருங்கிய உறவான மரத்தை நீலகிரித் தமிழர் 'காட்டுப்பூவரசு' என்று அழைப்பர். முறுக்கிய அடிமரமும், வெடித்த பட்டையும், கூனிய கிளைகளுமாய் முதுமை தோன்ற நிற்கும் அம்மரம் தவக்காலத்தையொட்டிச் செம்மலர் சூடி நிற்பதைக் காண்பவர், பாடுகளின் ஞாயிறன்று குருவானவர் அணியும் செந்நிறத் திருவுடையை நினைவுகூராமல் இருக்க இயலாது.

பங்குனி, சித்திரை மாதங்களில் மலையக வீதியோரங்களில் ஜக்கரண்டா மரங்கள் இலையுதிர்த்து ஊதா நிறம் பூணுகின்றன. தரையெங்கும் உதிர்ந்த பூக்கள், உயிர்ப்புப் பெருவிழாவை நோக்கி நடப்போருக்கு விரித்த விரிப்பாகின்றன. ஏப்ரல் மாதத்தில் நுவரெலியா வசந்த காலத்தைக் கொண்டாடும்போது, 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழா நினைவாகப் பெயர் பெற்ற நகரப் பூங்காவிலும் ஹக்கலவிலும் மலர்ப்பாத்திகள் நிறைந்து விடுகின்றன. பனியும் மழையும் நீங்கி நிலமெங்கும் பூக்கள் தோன்றும் வேளையை இனிமைமிகு பாடல் நூலின் இரண்டாம் அதிகாரம் வருணிப்பதை இங்கே நின்று படித்தால், அது நம் ஊரைப் பற்றியே எழுதப்பட்டதோ எனத் தோன்றும்.

பின்னர் தென்மேற்குப் பருவமழை வருகிறது. மேகம் தரையைத் தொட்டு நிற்கும் அந்நாட்களில் லயங்களின் முன்னும் ஆலய முற்றங்களிலும் ஹைட்ரேஞ்சியாச் செடிகள் பந்து பந்தாய்ப் பூக்கின்றன. இச்செடிக்கு ஓர் இயல்பு உண்டு. அமிலத் தன்மையுள்ள மண்ணில் வளர்ந்தால் பூ நீலமாகும். சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் வளர்ந்தால் இளஞ்சிவப்பாகும். தேயிலையும் அமில மண்ணையே விரும்பும். ஆதலால் தோட்டங்களில் இப்பூ பெரும்பாலும் நீலமே. ஒரே செடி, மண்ணுக்கேற்ப நிறம் மாறுகிறது. இல்லத்தின் மண் எத்தகையதோ, பிள்ளையின் நிறமும் அத்தகையதே என்பதைப் பெற்றோர் இச்செடியிடம் கற்கலாம்.

காத்திருக்கும் குறிஞ்சி

இவை ஆண்டுதோறும் பூப்பவை. ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவையும் உண்டு. ஹோட்டன் சமவெளியின் காடுகளில் பெருமரங்களின் நிழலில் அடர்ந்து நிற்கும் 'நெலு' என்னும் புதர்ச்செடி, நம் இலக்கியம் போற்றும் குறிஞ்சியின் உடன்பிறப்பு. மலையும் மலை சார்ந்த நிலத்துக்கும் தமிழர் சூட்டிய பெயரே அப்பூவின் பெயர்தான். நீலகிரியிலும் மூணாறிலும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் மலைகளை மூடிப் பூத்தது. ஹோட்டன் சமவெளியில் 2013இல் நெலு பெருந்திரளாக மலர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை சிந்தி, மடிந்து போவது இச்செடி வகைகள் பலவற்றின் வாழ்வு. பூத்த காலத்தில் தேனீக்கள் மொய்க்கின்றன. விதை உதிர்ந்ததும் காட்டுக்கோழிகள் கூட்டமாய் வந்து பசியாறுகின்றன.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வழியே செல்பவர் அதைப் பூவற்ற செடி எனக் கருதிக் கடந்து போகலாம். அச்செடியோ தன் காலத்துக்காக உள்ளுக்குள் ஆயத்தமாகிக் கொண்டிருக்கிறது. மனிதருள்ளும் இத்தகையோர் உண்டு. முப்பது வயதுவரை நாசரேத்தூரில் தச்சராய் மறைந்து வாழ்ந்த நம் ஆண்டவரும் அவ்வாறு காத்திருந்தவரே.

பூ தேவைப்படாத செடி

காத்திருந்து பூப்பவற்றைக் கண்டோம். இனி, நம் வாசலில் நின்றும் பூக்க விடப்படாத ஒன்றைக் காண்போம். மலைகளைப் போர்த்தியிருக்கும் தேயிலையும் ஒரு மரமே என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? வெட்டாமல் விட்டால் முப்பது அடிக்கு மேலும் அது உயரும். வெண்ணிற இதழ்களும் நடுவே பொன்னிற மகரந்தத் தாள்களுமாய், மெல்லிய நறுமணத்துடன் அது பூக்கும். தேனீக்கள் அதை நாடி வரும். ஆனால் தோட்டத்தில் அது இடுப்பளவுக்கு மேல் உயர அனுமதிக்கப்படுவதில்லை. ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து பறிக்கப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்தி அதை வெறுங்குச்சியாக்குகிறது. பூவுக்கும் காய்க்கும் செல்லும் சத்து இலைக்குக் குறைந்துவிடும் என்பதால், தேயிலையில் பூ என்பது வேண்டாத விருந்தாளி.

இம்மலைகளில் முன்பு இருந்த காப்பியின் கதை வேறு. காப்பிக்கொட்டை விதை ஆகையால் பூ இன்றிக் காப்பி இல்லை. முதல் மழைக்குப் பின் மலைகள் மல்லிகை சூடியதுபோல் வெளுக்கும் நாளை அன்றைய தோட்டக்காரர்கள் ஆவலுடன் எதிர்பார்த்தனர். 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் காப்பியை அழிக்கத் தொடங்கியது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அன்றுமுதல் இம்மலைகளுக்குப் பூ தேவைப்படவில்லை. தளிர் மட்டுமே தேவைப்பட்டது.

ஒரு துறவியின் பெயர்

தேயிலையின் அறிவியல் பெயர் கமெலியா சினென்சிஸ். இப்பெயரில் ஒரு கத்தோலிக்கத் துறவி மறைந்திருக்கிறார். இன்றைய செக் குடியரசிலுள்ள பிர்னோ நகரில் 1661இல் பிறந்த கமேல் என்பவர் இயேசு சபையில் சகோதரராகச் சேர்ந்து, பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கு மூலிகைத் தோட்டம் அமைத்து, மருந்தகம் நடத்தி, ஏழைகளுக்கு மருந்தளித்தார். கண்ட செடிகளையெல்லாம் வரைந்தும் எழுதியும் ஐரோப்பாவிலிருந்த அறிஞர்களுக்கு அனுப்பினார். 1706இல் மணிலாவிலேயே இறந்தார். பின்னர் தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய அறிஞர் லின்னேயஸ், இத்துறவியின் நினைவாக ஒரு செடிக் குடும்பத்துக்குக் கமெலியா என்று பெயரிட்டார்.

அக்குடும்பத்தில் ஒரு சகோதரி, அழகுக் கமெலியா. பங்களாத் தோட்டங்களில் பூவுக்காகவே நட்டுப் பேணப்படுபவள் அவள். மற்றொரு சகோதரி தேயிலை. வேலிக்கு அப்பால், பூவே கூடாதென்று வெட்டப்படுபவள் இவள். பிறப்பால் இருவருக்கும் வேறுபாடு இல்லை. வேலிக்கு எந்தப் பக்கம் நடப்பட்டனர் என்பதே வேறுபாடு.

ஹக்கல பூங்காவின் தொடக்கத்திலும் இயேசு சபையின் சுவடு ஒன்று உண்டு. 1861இல் தாவரவியலார் துவைட்ஸ் இப்பூங்காவை அமைத்தது சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காகவே. மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் கொயினா மருந்து அதன் பட்டையிலிருந்து கிடைக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து அப்பட்டையை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்று பரப்பியதில் இயேசு சபையினருக்குப் பெரும் பங்கு இருந்தமையால், அது இயேசு சபையாரின் பட்டை என்றே அழைக்கப்பட்டது. நோயுற்றவரின் துயர் நீக்கவே அத்துறவியர் செடிகளை உற்று நோக்கினர். இறையன்பும் அறிவும் சேர்ந்து நோக்கும்போது ஒரு மரப்பட்டையும் மக்களுக்கு மருந்தாகிறது.

கவ்வாத்து இருவகை

அன்புக்குரியவர்களே, இங்கே நாம் கவனமாய்ப் பிரித்தறிய வேண்டிய ஒன்று உள்ளது. யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மைத் திராட்சைக் கொடியாகவும், தந்தையை அக்கொடியைக் கழித்துவிடும் பயிரிடுநராகவும் காட்டுகிறார். மலையகத்தில் இப்பகுதி வாசிக்கப்படும்போது நம் மக்கள் மனத்தில் உடனே தோன்றுவது கவ்வாத்து. துன்பம் எல்லாம் இறைவன் செய்யும் கவ்வாத்து, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது நமக்கும் எளிது.

ஆனால் திராட்சைக் கொடி கழிக்கப்படுவது அது மிகுந்த கனி தருவதற்காக. தேயிலை வெட்டப்படுவது அது பூவும் காயும் தராதிருப்பதற்காக. முன்னதில் கொடி தன் நிறைவை அடைகிறது. பின்னதில் செடியின் நிறைவு தடுக்கப்பட்டு, அதன் தளிர் பிறருக்குப் போகிறது. செடியைப் பொறுத்தவரை இதில் பாவம் ஏதுமில்லை. உழவுத் தொழிலின் முறை அது. மனிதரை இம்முறையில் நடத்தும்போதுதான் அது பாவமாகிறது. ஒருவரின் வளர்ச்சியைத் தடுத்து இன்னொருவர் பயனடையும் ஏற்பாட்டுக்கு இறைவனின் பெயரைச் சூட்டக்கூடாது. தந்தையின் கத்தி எது, பேராசையின் கத்தி எது என்று அறிய ஒரு கேள்வி போதும்: இந்த வெட்டினால் வெட்டப்பட்டவர் கனி தருகிறாரா?

வெட்டப்பட்ட மக்கள்

நம் முன்னோர் 1823 முதல் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து இத்தீவுக்கு வரத் தொடங்கினர். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தவர் பலர். அந்தப் பயணத்தின் 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மீண்டும் நடந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இடையில் ஓடியவை 55 ஆண்டுகள். நெலு நான்குமுறை பூத்து முடிக்கும் காலத்தைவிட அது நீண்டது.

அக்காலத்தில் இம்மக்களுடன் நின்றவர்களுள் இயேசு சபைக் குரு பவுல் கஸ்பர்ஸ் அடிகளாரை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையத்தை நிறுவி, தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக உழைத்த அவர் 2017இல் இறைவனடி சேர்ந்தார். துறவி கமேலின் பெயரைத் தாங்கிய செடியின் நிழலில் வாடிய மக்களுக்கு, அதே சபையைச் சேர்ந்த ஒருவர் தோழரானார்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வரும் அத்தி மரத்தை எண்ணிப் பாருங்கள். மூன்றாண்டாய்க் கனி தராத மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ, சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகவும் இன்னும் ஓராண்டு பொறுக்குமாறும் மன்றாடுகிறார். கஸ்பர்ஸ் அடிகளாரைப் போன்றோர் செய்தது அந்தத் தோட்டக்காரரின் பணி. அதே பணி இன்று நம் ஒவ்வொருவரின் கையிலும் தரப்பட்டுள்ளது.

உழாமல் விட்ட பாத்தி

1226இல் மறைந்த அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், துறவியரின் தோட்டத்தில் ஒரு பகுதியை எதுவும் பயிரிடாமல் விட்டுவைக்கச் சொன்னார். அங்கே காட்டுப் பூக்களும் பூண்டுகளும் தாமே வளர வேண்டும், அவற்றைக் காண்போர் அழகின் ஊற்றாகிய இறைவனை நினைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில் இச்செய்தியை எடுத்துக்காட்டியுள்ளார். நிலத்தின் ஒவ்வோர் அங்குலமும் வருமானம் தரவேண்டும் என்னும் எண்ணத்துக்கு எதிராக, ஒரு சிறு பாத்தியைக் கடவுளுக்காக விட்டுவைப்பதே அவர் கற்பித்த பாடம்.

நம் குடும்பங்களில் அத்தகைய பாத்தி எது? அது நம் பிள்ளையின் படிப்பு நேரம். கடனை அடைக்கவும் வீட்டுச் செலவை ஈடுகட்டவும் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் அனுப்பும் பெற்றோரே, அது இளந்தளிரைக் கிள்ளுவதாகும். உங்கள் வறுமையை இறைவன் அறிவார். ஆயினும் உங்கள் அன்பின் கடைசிப் பிடியை அந்தப் பாத்திக்காகக் காத்து வையுங்கள். நகரங்களில் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களே, உங்கள் சமையலறையில் மலையகப் பிள்ளை ஒன்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்க, அடுத்த அறையில் நீங்கள் குடும்பச் செபமாலை சொல்ல இயலுமா? 16 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு அமர்த்துவதை 2021இல் நாட்டின் சட்டமே தடைசெய்துவிட்டது. இறைவனின் சட்டம் அதற்கு வெகுகாலம் முன்பே தடைசெய்திருந்தது.

அடுத்த பாத்தி, நம் தாய்மாரின் ஓய்வு. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, பெரட்டுக்களம் சென்று, மழையிலும் அட்டைக்கடியிலும் கூடை சுமந்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்கே திரும்பும் தாய்க்குத் தனக்கென்று ஒரு மணி நேரம் உண்டா? நாள் முழுவதும் தேயிலையைப் பூக்க விடாதபடி பறித்துக்கொண்டிருக்கும் அக்கைகளுக்குரியவள், தானும் பூக்க விடப்படாத செடியாகவே முதுமை அடைகிறாள். ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் தந்தையும் பிள்ளைகளும் அடுப்படியைப் பொறுப்பேற்று, தாயை உட்கார வைத்தால், அந்த இல்லத்தில் ஆண்டவரின் நாள் உண்மையாகவே விடிகிறது. பாடத் தெரிந்த தாய் பாடட்டும். படிக்கத் தெரியாத தாய்க்கு மகள் திருவிவிலியம் வாசித்துக் காட்டட்டும்.

மறையாத ஆற்றல்

தேயிலைச் செடி நமக்குத் தரும் நற்செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெட்டியும் கிள்ளியும் வளர்க்கப்பட்ட செடியைக்கூட, சிறிது காலம் வெட்டாமல் விட்டால் அது உயரத் தொடங்கிப் பூத்துவிடுகிறது. பராமரிப்பின்றிக் கைவிடப்பட்ட மலைகளில் நெடிதுயர்ந்து வெண்பூச் சூடி நிற்கும் தேயிலை மரங்களை நம்மில் பலர் கண்டிருப்போம். கவ்வாத்துக்கு நாள் நெருங்கிய மலைகளிலும் செடியின் கீழ்க்கிளைகளைச் சற்று விலக்கிப் பார்த்தால், இலைகளுக்குள் மறைந்தபடி ஒரு பூ தலைகவிழ்ந்து இருக்கக் காணலாம். படைத்தவர் உள்ளே வைத்த பூவை எந்தக் கத்தியாலும் வேரோடு அழிக்க இயலவில்லை. பாலைநிலமும் ஒருநாள் பூத்துக் குலுங்கும் என்று இறைவாக்கினர் எசாயா (அதிகாரம் 35) முன்னுரைத்ததும் இந்நம்பிக்கையையே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மலைகளைச் சரித்தது. மண்ணுக்குள் உறவுகளை இழந்து, வீட்டை இழந்து நிற்கும் குடும்பங்களிடம் பூக்களைப் பற்றிப் பேசுவது தகுமா என்று சிலர் கேட்கலாம். ஆண்டவர் அறையுண்ட இடத்திலேயே ஒரு தோட்டம் இருந்தது என்றும், அங்கேதான் அவர் அடக்கம் செய்யப்பட்டார் என்றும் யோவான் எழுதுகிறார் (19:41). அழுதுகொண்டு நின்ற மகதலா மரியா உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்தார் (20:15). அவர் நினைத்ததில் ஓர் உண்மை இருந்தது. கல்லறையின் அருகே நின்று நம் பெயர் சொல்லி அழைப்பவர், நம்மை நட்டவர். நாம் பூக்க வேண்டும் என்று விரும்புகிறவர்.

வருகின்ற மரியன்னையின் வணக்க மாதத்தில் பிள்ளைகள் அன்னையின் கெபிக்குப் பூக்கொய்யச் செல்லும்போது, ரோசாவோடும் ஹைட்ரேஞ்சியாவோடும் ஒரு தேயிலைப் பூவையும் தேடிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது சிறியது, வாசமும் மெல்லியது. ஆயினும் அதை அன்னையின் திருவடியில் வைத்து, இல்லத்தில் பூக்காதிருக்கும் ஒருவரின் பெயரை அமைதியாக உச்சரியுங்கள். பிறகு அவருக்காக எந்தக் கத்தியை நாம் கீழே வைக்க வேண்டும் என்று கேளுங்கள். வயல்வெளி மலர்களை உற்று நோக்கப் பணித்த ஆண்டவர், அதற்கான விடையை உங்கள் உள்ளத்தில் அருள்வாராக. ஆமென்.